பிரயாகை முழுக்கு: ஐந்து நிமிடக் குளியலுக்கு ஒரு நாள் நடை

பிரயாகையில் தண்ணீருக்குள் நிற்பது மிஞ்சிப்போனால் ஐந்து நிமிடம். மூன்று முங்கு, ஓர் அர்க்கியம், தலை துவட்டினால் முடிந்தது. மீதி எல்லாம் நடைதான். கும்பமேளா போய்த் திரும்பியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். குளிரைப் பற்றிப் பேச மாட்டார்கள். எந்த வழியாக உள்ளே விட்டார்கள், எங்கே மறித்துத் திருப்பினார்கள், கழற்றி வைத்த செருப்பு என்ன ஆனது, கூட வந்த அத்தையை எத்தனை மணிக்குக் கண்டுபிடித்தார்கள் என்பதுதான் கதையாக இருக்கும். அதனால் இந்தப் பதிவில் அமிர்த கலசக் கதை கிடையாது, பாதைதான்.

முதலில் நிலவியல். கங்கை வடக்கிலிருந்து வருகிறது, யமுனை மேற்கிலிருந்து. இரண்டுக்கும் நடுவே மூக்குப் போல நீட்டிக்கொண்டிருக்கும் மணல் முனையைத்தான் எல்லோரும் ‘சங்கம் நோஸ்’ என்கிறார்கள். அதை ஒட்டி யமுனைக் கரையில் அக்பர் கட்டிய கோட்டை. கங்கைக்குக் கிழக்கே ஜூன்சி. யமுனைக்குத் தெற்கே நைனி, அரைல். பிரயாக்ராஜ் (முன்பு அலகாபாத்) நகரமும் அதன் பெரிய ரயில் நிலையமான ஜங்ஷனும் இரண்டு ஆறுகளுக்கும் நடுவில். இந்த மூன்று கரைகளையும் ஒரு தாளில் கிறுக்கிப் பார்த்துக்கொண்டு கிளம்புங்கள். அங்கே போலீஸ்காரர் கை காட்டும் திசை அப்போதுதான் புரியும்.

மேளா நடக்கும் ஊர் நிரந்தர ஊர் அல்ல. மழைக்கால வெள்ளம் வடிந்தபின் கங்கை எங்கே மணலைத் தள்ளியிருக்கிறதோ அங்கே எழுப்புகிறார்கள். சங்கம முனையே வருடத்துக்கு வருடம் இடம் மாறும். 2025-ல் சுமார் 4,000 ஹெக்டேர், 25 செக்டார்கள், ஆற்றின் மேல் 30 மிதவைப் பாலங்கள். அந்தப் பாலத்தை அங்கே ‘பீப்பா புல்’ என்பார்கள், நம்முடைய பீப்பாய்தான். பெரிய இரும்புப் பீப்பாய்களை வரிசையாக மிதக்கவிட்டு மேலே தளம் போட்டிருப்பார்கள். மணல் சாலைகளில் இரும்புத் தகடு பாவியிருக்கும். விடியற்காலைப் பனியில் அந்தத் தகடு நனைந்து வழுக்கும், தகட்டின் விளிம்பு செருப்பைத் தட்டிவிடும். இரவில் கீழே பார்த்து நடங்கள்.

எந்த நாள்

கும்பமேளா 12 வருடத்துக்கு ஒருமுறை. ரிஷபத்தில் குரு, மகரத்தில் சூரியன் என்பது பிரயாகைக் கணக்கு. நடுவே ஆறாம் வருடம் அர்த்த கும்பம், 2019-ல் நடந்தது அதுதான். ஆனால் அதே மணலில், அதே தை மாதத்தில், வருடம் தவறாமல் மாக மேளா நடக்கிறது என்பது நம் ஊரில் பலருக்குத் தெரியாது. ஆறும் அதேதான், சங்கல்பமும் அதேதான், கூட்டம் மட்டும் குறைவு. “144 வருடத்துக்கு ஒருமுறை” என்ற பேச்சு 2025-ல் பாதி இந்தியாவைக் கிளப்பிவிட்டது. அதே 144 தான் 2013-லும் சொல்லப்பட்டது! வீட்டுப் பெரியவர்களை அழைத்துப் போவதாக இருந்தால் என் ஓட்டு மாக மேளாவுக்குத்தான்.

நாள் விஷயத்தில் வடக்கத்திப் பெயர்களைக் கண்டு மிரள வேண்டாம். மௌனி அமாவாசை என்பது நம் தை அமாவாசை. மகர சங்கராந்தி பொங்கல். பௌஷ பூர்ணிமாவும் மாகி பூர்ணிமாவும்தான் கொஞ்சம் நகரும், அவர்களுடைய மாதம் சந்திரனைப் பார்த்துப் போகிறது, நம்முடையது சூரியனை. 2025, 2026 இரண்டு வருடமும் பௌஷ பூர்ணிமா ஆருத்ரா தரிசனத்தன்று வந்தது, மாகி பூர்ணிமா தைப்பூசத்தை ஒட்டி வந்தது. 2019-ல் பௌஷ பூர்ணிமா தைப்பூசத்தில், மாகி பூர்ணிமா மாசி மகத்தில். இவற்றோடு வசந்த பஞ்சமியும் மகா சிவராத்திரியும் சேர்ந்தால் ஆறு முக்கிய நாட்கள். கும்ப வருடத்தில் பொங்கல், தை அமாவாசை, வசந்த பஞ்சமி மூன்றும் அகாடாக்கள் (சாதுக்களின் மடக் கூட்டங்கள்) ஊர்வலமாக வந்து குளிக்கும் நாட்கள். முன்பு ஷாஹி ஸ்நானம் என்றார்கள், 2025-ல் அமிர்த ஸ்நானம் என்று பெயர் மாற்றினார்கள்.

நாகா சாதுக்களைப் பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால் அந்த மூன்று நாட்களில் ஒன்று. குளிக்கப் போகிறீர்கள் என்றால் அந்த மூன்று நாட்களையும், முந்தின நாளையும், அடுத்த நாளையும் விட்டுவிடுங்கள். இரண்டையும் ஒரே நாளில் செய்ய நினைப்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. 13 அகாடாக்களுக்கும் தனிப் பாதை, தனித் துறை, தனி நேரம். அவர்கள் போகும் பாதையைக் கடக்க முடியாமல் நீங்கள் மணிக்கணக்கில் தடுப்புக்குப் பின்னால் நிற்பீர்கள்.

மாக ஸ்நானம் என்பதே மாதம் முழுக்கச் செய்கிற விரதம். கல்பவாசிகள் பௌஷ பூர்ணிமா முதல் மாகி பூர்ணிமா வரை மணலில் கூடாரம் போட்டு, தரையில் படுத்து, ஒருவேளை சாப்பிட்டு, தினமும் முழுக்குப் போடுகிறார்கள். கூடார வாசலில் துளசியும் பார்லி முளையும் இருந்தால் அது கல்பவாசியின் இடம் என்று தெரிந்துகொள்ளலாம். மாகி பூர்ணிமா முடிந்ததும் அவர்கள் மூட்டை கட்டிவிடுவார்கள். மாக மேளா வருடங்களில் அதற்கும் சிவராத்திரிக்கும் இடைப்பட்ட வார நாட்கள் நடக்கவும் குளிக்கவும் சுகமானவை. கும்ப வருடத்தில் இந்தக் கணக்கை நம்ப முடியாது. 2025 பிப்ரவரியில் வார இறுதிகளே அமாவாசை போல ஆகி, ஜபல்பூர், கட்னி, ரேவா சாலையில் வாகனங்களை நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு முன்பே நிறுத்தினார்கள். தமிழ்நாட்டிலிருந்து வேன் எடுத்துப் போகிறவர்களுக்கு நாக்பூர் தாண்டியதும் அதுதான் சாலை.

எங்கே இறங்குவது

தெற்கிலிருந்து ஜபல்பூர், சத்னா, மாணிக்பூர் வழியாக வரும் கங்கா காவேரி, சங்கமித்ரா போன்ற ரயில்கள் ஜங்ஷனுக்குள் போவதில்லை. பிரயாக்ராஜ் சிவ்கியில் நிற்கும். அது யமுனைக்குத் தெற்கே, நைனிப் பக்கம். “ஐயோ, ஊருக்கு வெளியே இறக்கிவிட்டானே” என்று பலர் உடனே ஆட்டோ பிடித்து, பாலம் தாண்டி, நகரத்துக்குள் புகுந்து, அங்கிருந்து நோஸுக்கு நடக்கிறார்கள். தேவையே இல்லை. சிவ்கி இருக்கும் அதே கரையில்தான் அரைல் படித்துறை இருக்கிறது. இரண்டு ஆறும் கூடும் நீர்தான் அரைல் கரையைத் தொட்டுப் போகிறது. எதிர்க்கரையில் நோஸில் தலைகள் மட்டும் தெரியும் நேரத்தில் இங்கே கை வீசிக் குளிக்கலாம். பாலம் தாண்ட வேண்டாம், ஒருவழிப் பாதையில் மாட்ட வேண்டாம், திரும்பும் ரயிலும் இதே பக்கம். தென்னிந்தியர்களுக்கு ரயில்வே தானாகவே செய்து கொடுத்த உபகாரம் இது.

ஜூன்சியில் டென்ட் கிடைத்தவர்களுக்கும் இதேதான். பாலம் தாண்டி நோஸுக்குப் போகாமல் ஜூன்சிக் கரையிலேயே குளியுங்கள். முக்கிய நாட்களில் மிதவைப் பாலங்கள் ஒருவழி. திடீரென்று மூடவும் மூடுவார்கள். போன பாலத்திலேயே திரும்பலாம் என்று எண்ணிப் போனவர்கள் அடுத்த பாலம், அதற்கடுத்த பாலம் என்று இரவெல்லாம் நடந்திருக்கிறார்கள்.

ஜங்ஷனில் இறங்குகிறவர்களுக்கு: சங்கமம் அங்கிருந்து ஏழெட்டு கிலோமீட்டர். சாதாரண நாளில் ஆட்டோ பக்கத்தில் கொண்டு விடும். முக்கிய நாளில் முந்தின நாளிலிருந்தே மேளாப் பகுதிக்குள் வாகனம் கிடையாது. திருப்பி விடும் தூரத்தையும் சேர்த்து ஒரு நாளைக்கு 15 கிலோமீட்டர் நடை என்று வைத்துக்கொண்டால் ஏமாற்றம் இருக்காது. அவ்வளவு நடக்க முடியாதவர்களை முக்கிய நாளில் கூட்டிப் போகாதீர்கள். சக்கர நாற்காலி மணலில் உருளாது.

பனிமூட்டத்தால் ரயில் பத்து மணி நேரம் தாமதமாவது ஜனவரியில் அங்கே செய்தியே அல்ல. போகும்போதும் வரும்போதும் ஒரு நாள் இடைவெளி விட்டு டிக்கெட் போடுங்கள். “காலையில் இறங்கி, குளித்து, மாலையில் காசி” என்ற திட்டம் வாட்ஸ்அப்பில் மட்டும் வேலை செய்யும்.

மூட்டையும் உடுப்பும்

ஆளுக்கு ஒரு தோள்பை, அதுவும் கையை விட்டுவிட்டு நடக்கும்படி. டிராலிப் பெட்டி கூட்டத்தில் எமன். பின்னால் வருகிறவர் காலில் சிக்கும், அவர் விழுந்தால் அவர் மேல் நால்வர். பைக்குள் ஒரு மாற்றுத் துணி, மெல்லிய துண்டு இரண்டு (தடித்த டவல் காயாது, கனக்கும்), ஈரத் துணிக்கு பிளாஸ்டிக் பை, குரங்குக் குல்லாய், காலுறை, அரை லிட்டர் தண்ணீர், கடலை மிட்டாய், அன்றாட மாத்திரை இரண்டு நாளைக்கு. பத்து, இருபது, நூறு ரூபாய்த் தாள்களாகக் காசு. முக்கிய நாளில் சிக்னல் இருக்கும், ஆனால் பேச்சும் போகாது, ஜிபேயும் போகாது.

செருப்பு விஷயத்தில் பாதிப் பேர் ஏமாறுகிறார்கள். நடக்க நல்ல ஷூ வேண்டும். கரையில் அதைக் கழற்றி ஒரு துணிப்பையில் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொள்ளுங்கள், அல்லது குளிக்காமல் நிற்கிறவர் கையில் கொடுங்கள். “இங்கே வைத்துவிட்டுப் போய்க் குளித்துவிட்டு வரலாம்” என்பது நடக்காத காரியம். வந்த வழியில் திரும்ப விடமாட்டார்கள். காலையில் படித்துறைப் பாதையில் பார்த்தால் ஆயிரக்கணக்கில் ஒற்றைச் செருப்புகள் கிடக்கும், அத்தனையும் இந்த நம்பிக்கையின் மிச்சம்.

பெண்களுக்கு: தாலிச் சங்கிலியை வீட்டில் வைத்துவிட்டு மஞ்சள் கயிற்றோடு வருவது நல்லது. மூன்று முங்கில் சங்கிலி மணலுக்குள் போனால் தேடவே முடியாது. கூட்டத்தில் கத்தரிப்பவர்களும் உண்டு. நனைந்த புடவை காலைச் சுற்றும், கரையேறும்போது விழ வைக்கும். அடர்நிறப் பருத்திச் சுடிதார் வசதி. புடவைதான் என்றால் மடித்துச் செருகி, முந்தானையை இடுப்பில் சுற்றிக் கட்டிக்கொள்ளுங்கள். உடை மாற்றத் துணி மறைப்புகள் இருக்கும், வரிசையும் இருக்கும். மார்புக்கு ஏற்றிக் கட்டும் ஒரு பாவாடை பையில் இருந்தால் வரிசையில் நிற்க வேண்டாம்.

ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் ஓர் அட்டை வையுங்கள். பெயர், தங்கும் இடத்தின் செக்டார் எண், இரண்டு கைபேசி எண்கள், எல்லாம் இந்தியில். தமிழில் எழுதிய சீட்டு அங்கே யாருக்கும் உதவாது. பெரியவர்களுக்கு அதை உள்பாக்கெட்டில் ஊக்குப் போட்டுக் குத்திவிடுங்கள். காணாமல் போனவர்களைச் சேர்த்துவைக்கும் முகாம் 1946-லிருந்து நடக்கிறது, ‘பூலே பட்கே’ என்று கேட்டால் வழி காட்டுவார்கள். இப்போது அரசின் ‘கோயா பாயா’ மையங்களும் உண்டு. ஒலிபெருக்கியில் பெயர் சொல்வார்கள். ஆனால் முனியம்மாள் என்ற பெயர் அந்த ஒலிபெருக்கியில் என்னவாகி வரும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்! ஊர்ப் பெயரையும் சேர்த்துச் சொல்லச் சொன்னால் காதில் விழ வாய்ப்பு உண்டு.

ஒருவழிப் பாதை

நோஸில்தான் குளிப்பேன் என்கிறவர்களுக்கு இது. 2025-ல் உள்ளே போகக் காளி மார்க்கம், வெளியே வர அட்சயவட மார்க்கம், திரிவேணி மார்க்கம் என்று பிரித்திருந்தார்கள். பெயர்கள் வருடத்துக்கு வருடம் சற்று மாறினாலும் கொள்கை மாறாது: போன வழி வேறு, வரும் வழி வேறு. ஆகவே கூட்டம் பிரிந்தால் சந்திக்கும் இடத்தை வரும் வழியில்தான் வைக்க வேண்டும். “நாம் டீ குடித்த கடை” என்று சொல்லி வைப்பது வீண், அந்தக் கடைக்கு யாராலும் திரும்பிப் போக முடியாது. காஞ்சி மடத்தின் சங்கர விமான மண்டபம் கரையை ஒட்டி 130 அடி உயரத்தில் தென்னாட்டு விமானமாக நிற்கிறது. நிமிர்ந்து பார்த்தால் திசை தெரியும். ஆனால் திசைக்கு மட்டும் அது. அதன் வாசலில் சந்திப்போம் என்றால் அங்கேயும் கூட்டம்தான், பக்கத்தில் படுத்த அனுமார் கோயில். மின்கம்பங்களில் எண் எழுதியிருக்கும். “இந்த எண் கம்பத்தடியில்” என்று சொல்லி வைப்பதுதான் பிசகாது. போலீஸிடம் சொல்வதற்கும் அந்த எண் உதவும். 2025-ல் மேளா உதவி எண் 1920.

கழிப்பறைக்குப் படித்துறை வரிசைக்குள் நுழையும் முன்பே போய்விடுங்கள். உள்ளே போனபின் பக்கவாட்டில் நகர வழி இருக்காது.

நெரிசல் எப்படி வருகிறது

2025 ஜனவரி 29, தை அமாவாசை. நள்ளிரவு தாண்டி ஒன்றிரண்டு மணிக்கு நோஸ் அருகே நெரிசல், அரசுக் கணக்கில் 30 பேர் இறந்தார்கள். முதல் நாளே வந்துவிட்ட ஆயிரக்கணக்கானவர்கள் பிரம்ம முகூர்த்தத்துக்குக் காத்துக் கரையிலேயே படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். பின்னாலிருந்து வந்த கூட்டம் நிற்கவில்லை. அகாடா பாதைத் தடுப்பு உடைந்தது, உடைத்துக்கொண்டு வந்தவர்கள் படுத்திருந்தவர்கள் மேல் விழுந்தார்கள். 1954-ல் நூற்றுக்கணக்கானவர்கள் இறந்ததும் இதே தை அமாவாசையில்தான்.

இதில் கவனிக்க வேண்டியது நேரம். 2025-ல் அமாவாசைத் திதி முந்தின நாள் இரவு ஏழரைக்குத் தொடங்கி மறுநாள் மாலை ஆறு வரை இருந்தது. பகல் பன்னிரண்டுக்குக் குளித்தாலும் அமாவாசைக் குளியல்தான். விடியலுக்கு முன் குளித்தே ஆக வேண்டும் என்ற பிடிவாதத்தை விட்டால் ஆபத்தில் பாதி போய்விடும். அதைவிட முக்கியம், ஆற்றங்கரையில் படுக்காதீர்கள். தடுப்புக்கு முன்னாலோ, சரிவின் அடியிலோ காத்திருக்காதீர்கள்.

கூட்டத்தின் நடுவில் இருக்கும்போது ஆபத்தை உடம்பே சொல்லும். சதுர மீட்டருக்கு நாலைந்து பேர் வரை உங்கள் கால் உங்கள் பேச்சைக் கேட்கும். ஆறு ஏழு பேர் ஆனால் நீங்கள் நடப்பதில்லை, கூட்டம் அலையாகத் தள்ளிக்கொண்டு போகும். நெரிசலில் இறப்பவர்களில் பலர் மிதிபட்டு இறப்பதில்லை. நின்ற நிலையிலேயே நெஞ்சு விரிய இடமில்லாமல் மூச்சு நின்று போகிறது. அதனால் இரண்டு கைகளையும் குத்துச்சண்டைக்காரர் போல நெஞ்சுக்கு முன் மடக்கி வைத்து, மூச்சுக்கு இடம் பிடியுங்கள். அலையை எதிர்த்துத் தள்ளாதீர்கள். அலை ஓயும் இடைவெளியில் குறுக்குச் சாய்வாக ஓரத்துக்கு நகருங்கள். கீழே எது விழுந்தாலும், கைபேசியே ஆனாலும், குனியக் கூடாது. குழந்தை தோளில்.

ரயில் நிலையமும் ஆற்றுக்குச் சளைத்ததல்ல. 2013 பிப்ரவரி 10, அதுவும் தை அமாவாசை, அலகாபாத் ஜங்ஷனில் 36 பேர். கடைசி நேரத்தில் நடைமேடை மாறியதாக வந்த அறிவிப்பைத்தான் பலரும் காரணமாகச் சொன்னார்கள். 2025 பிப்ரவரி 15 புது தில்லி நிலையத்தில் 18 பேர். அங்கே ‘பிரயாக்ராஜ்’ என்று பெயர் தொடங்கும் இரண்டு ரயில்களுக்கு இடையே குழப்பம். ரயிலைப் பெயரால் அல்ல, ஐந்து இலக்க எண்ணால் நினைவு வையுங்கள். நடைமேடை மாறிவிட்டது என்று அறிவித்தால் ஓடாதீர்கள், ரயில் போனால் போகட்டும். ஜங்ஷனில் முக்கிய நாட்களில் ஒன்றாம் நடைமேடை இருக்கும் நகரப் பக்கம் உள்ளே, சிவில் லைன்ஸ் பக்கம் வெளியே. முன்பதிவு உள்ளவர்களுக்குத் தனி வாசல். மற்றவர்களைத் திசைவாரியாக நிறம் போட்ட கொட்டகைகளில் உட்கார வைத்து, ரயில் வந்தபின் விடுவார்கள். எரிச்சலான ஏற்பாடுதான், ஆனால் 2013-க்குப் பிறகு அதன் அருமை புரியும்.

தண்ணீரில்

கரையோரம் மணல் மூட்டை அடுக்கி, மேலே வைக்கோல் பரப்பியிருப்பார்கள். வழுக்காமல் இருக்கத்தான் அது. வைக்கோல் ஊறி நசுங்கியபின் அதுவே வழுக்கும். மூட்டைகளின் இடுக்கில் பாதத்தை வைக்காதீர்கள், கணுக்கால் திரும்பிவிடும். உள்ளே கால் வைக்கும் முன் நீரைத் தொட்டுத் தலையில் தெளித்துக்கொள்வது மரபு. உடம்புக்கும் அதுவே நல்லது. வெளியே எட்டு டிகிரி இருக்கும் காலையில் சட்டென்று முங்கினால் மூச்சு அடைக்கும். பாதம், முழங்கால், கை, முகம் என்று நனைத்து, மூச்சு சீரானபின் தலை. இதய நோயாளிகளுக்கும் மிக வயதானவர்களுக்கும் கரையில் உட்காரவைத்துச் செம்பால் மூன்று முறை தலையில் ஊற்றினால் போதும். சாஸ்திரம் அதற்கு இடம் கொடுக்கிறது, டாக்டரும் இடம் கொடுப்பார்.

இடுப்பளவுக்கு மேல் போக வேண்டாம். மிதவைத் தடுப்புக் கட்டியிருப்பார்கள். அதற்கு அப்பால், குறிப்பாக யமுனைப் பக்கம், ஆழம் அதிகம். கங்கை மண் நிறம், மேலோட்டமான ஆழம், வேகம். யமுனை பச்சை, ஆழம், நிதானம். படகிலிருந்து பார்த்தால் இரண்டு நிறமும் ஒட்டியும் ஒட்டாமலும் ஓடுவது தெரியும்.

கிழக்கு நோக்கி நின்று சங்கல்பம், மூன்று முங்கு, சூரியனுக்கு அர்க்கியம், அமாவாசையானால் தர்ப்பணம். சோப்பு, ஷாம்பு கூடாது. ஆசமனத்துக்கு ஒரு துளி உதட்டில் பட்டால் போதும், குடிக்காதீர்கள். 2025 பிப்ரவரியில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பசுமைத் தீர்ப்பாயத்துக்குக் கொடுத்த அறிக்கை, பல இடங்களில் மலக்கிருமி அளவு குளியல் தரத்தைத் தாண்டியிருந்ததாகச் சொன்னது. அந்த வரம்பு 100 மில்லிக்கு 2,500. ஆறாத புண்ணோடு இறங்க வேண்டாம். கரையேறியதும் முதலில் தலை, காது, பிறகு காலுறை. துணி மாற்றியபின் ஒரு டம்ளர் இஞ்சி டீ. குளிர் நடுக்கம் பெரும்பாலும் குளிக்கும்போது வராது, ஈரத் துணியோடு நின்று போட்டோ எடுக்கும்போது வரும்.

வேணியும் படகும்

“பிரயாகை முண்டம், காசி தண்டம், கயை பிண்டம்” என்பது நம் வீடுகளில் பழகிய பேச்சு. ஆண்களுக்கு இங்கே முடி இறக்கல், தம்பதிகளுக்கு வேணி தானம். கணவன் மனைவியின் தலைவாரிப் பின்னி, பூ வைத்து, மஞ்சள் குங்குமத்தோடு பின்னலின் நுனியில் இரண்டு விரற்கடை கத்தரித்துத் திரிவேணியில் விடுவது. மற்ற இடத்தில் முடி மிதக்கும், இங்கே அமிழும் என்பது நம்பிக்கை. முடி இறக்கும்போது புது பிளேடைக் கண் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள். உங்களிடமே ஒன்று இருந்தால் பேச்சே இல்லை.

பிரயாக்வால் பண்டாக்களுக்கு, அதாவது இந்த ஊர்த் தீர்த்தப் புரோகிதர்களுக்கு, ஆளுக்கொரு கொடி. மீன், யானை என்று ஏதாவது ஓர் அடையாளம் மூங்கில் உச்சியில் பறக்கும், அதுதான் முகவரி. கட்டுக் கட்டான பேரேடுகளில் வந்துபோன குடும்பங்களின் பெயர்கள் இருக்கும். தமிழில் மந்திரமும் விளக்கமும் வேண்டுமென்றால் காஞ்சி மடம், நாட்டுக்கோட்டை நகரத்தார் சத்திரம் மூலமாக முன்கூட்டியே வாத்தியாரை ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். மேளா நேரத்தில் தொகையை மொத்தமாக, தட்சிணை, தானம், படகு உட்பட, முதலிலேயே பேசி முடிக்க வேண்டும். “உங்கள் திருப்தி” என்று சொன்னால் திருப்தி கடைசியில் தகராறில் முடியும்.

படகு முக்கிய நாட்களில் ஓடாது. மற்ற நாட்களில் கோட்டைத் துறை, சரஸ்வதி துறை, அரைல் மூன்றிலிருந்தும் கிடைக்கும். போக வர, அங்கே காத்திருக்க, எத்தனை பேர் என்பதையெல்லாம் கரையிலேயே பேசுங்கள், நடு ஆற்றில் பேரம் பேசினால் யார் ஜெயிப்பார் என்று தெரியும். உயிர்காப்புச் சட்டை இல்லாத படகில் ஏறாதீர்கள். கூடுமிடத்தில் படகுகளை வரிசையாகக் கட்டி நடுவே மேடை போட்டிருப்பார்கள், அதில் இறங்கிக் குளிக்கலாம். நீங்கள் கங்கைக்கு விட்ட தேங்காயை இருபது அடி தள்ளி ஒருவர் வலை போட்டு எடுப்பார். அது சாயங்காலத்துக்குள் இன்னும் நாலு பேருடைய தேங்காய் ஆகிவிடும், கங்கைக்கும் ஆட்சேபம் இருப்பதாகத் தெரியவில்லை. குளிர்காலத்தில் வந்திறங்கும் கடற்காகங்கள் படகைச் சுற்றிக் கத்தும். பக்கத்துப் படகுக்காரர் “ஆவ் ஆவ்” என்று கூவி ஓமப்பொடியை வீசுவார், வெள்ளைச் சிறகுகள் ஒன்றன்மேல் ஒன்று முட்டிக்கொண்டு தலைக்கு மேல் இறங்கும். கண்ணாடி போட்டவர்கள் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

கங்கை நீர் பிடிப்பதைக் கரையில் செய்யாமல் படகில் செய்தால் கலங்கல் குறைவு. கேனில் பிடித்து ஓர் இரவு அசையாமல் வைத்தால் வண்டல் அடியில் தங்கும், மேலே தெளிந்ததை மட்டும் செம்புக்கு மாற்றி மூடியை அடைத்துக்கொள்ளுங்கள். விமானத்தில் என்றால் கைப்பையில் விடமாட்டார்கள், சரக்குப் பெட்டியில் போக வேண்டும். ராமேஸ்வரத்திலிருந்து மணல் எடுத்து வந்து வேணி மாதவராகப் பூஜித்து இங்கே கரைத்தவர்கள், இந்த நீரைத் திரும்ப ராமநாத சுவாமிக்கு அபிஷேகம் செய்தால்தான் யாத்திரை நிறையும். அதற்குச் செம்பு, பித்தளை, வெண்கலப் பாத்திரத்தில் கொண்டுபோக வேண்டும். தகரமும் இரும்பும் ஏற்க மாட்டார்கள். பாத்திரத்தைப் பிரயாகைப் படித்துறையில் வாங்குவதை விட ஊரிலிருந்தே கொண்டுபோவது மேல். மேளாவில் விற்கும் மெல்லிய செம்பின் மூடியில் உள்ள பற்றவைப்பு இட்டார்சி தாண்டுவதற்குள் கசியத் தொடங்கும், கீழ் பெர்த்தில் இருப்பவருடைய படுக்கை நனையும்.